வாரம் ஏழு நாள், வீடு ஏழு

மேல்கோட்டை என்றவுடன் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருபவை திருநாராயணபுரம் என்னும் பெயரும், இராமாநுசர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளும், பங்குனியில் நடைபெறும் வைரமுடி சேவையுமே. புளியோதரையையும் சிலர் சேர்த்துக்கொள்வர். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்த ஊர். 1939இல் மண்டியா தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று பாண்டவபுரம் வட்டத்தில் ஒரு ஹோபளியின் தலையூராக விளங்குகிறது. ஹோபளி என்பது நம் பக்கத்துக் குறுவட்டம் போன்றது.

தலையூர் என்னும் இந்தச் செய்தி யாத்திரிகர் கண்ணில் படுவதில்லை. ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அதுவே முதன்மையானது. கர்நாடகத்தின் பெரும்பாலான சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடியும்; சற்றுப் பெரிய ஊராயின் ஏழாம் வகுப்பு வரை இருக்கும். உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது. ஆகவே ஏழாம் வகுப்பை முடித்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை படிப்பைத் தொடர வேண்டுமானால் ஊரைவிட்டுப் பேருந்தில் ஏறியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே பொருந்தும். அதே வயதில்தான் பிள்ளையின் கை வயலுக்கும் கடைக்கும் உதவத் தொடங்குகிறது. பெண் பிள்ளையாயின் வீட்டு வேலையும், சில குடும்பங்களில் திருமணப் பேச்சும் தொடங்குகின்றன. ஊர்ப் பள்ளி முடிவதும், சட்டத்தின் காப்பு முடிவதும், உழைப்புக்கு விலை ஏற்படுவதும் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒன்றுசேர்ந்து வருகின்றன.

இதன் விளைவை நாடு முழுவதற்குமான கல்விப் புள்ளிவிவரங்களில் காணலாம். 2021-22ஆம் ஆண்டுக்கு ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி தொடக்க வகுப்புகளில் இடைநிற்றல் 1.5 விழுக்காடு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 விழுக்காடு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 12.6 விழுக்காடு. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் நான்கு மடங்கு உயர்கிறது.

பள்ளியை விட்டு நிற்கக்கூடிய நிலையில் உள்ள மாணவர் என்றால் மதிப்பெண் குறைந்தவர் என்றே பலர் எண்ணுகின்றனர். அவர்களும் இதில் அடங்குவர்; அவர்கள் மட்டுமே அல்லர். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவர், கரும்பு வெட்டும் பருவத்தில் பெற்றோருடன் ஊர் மாறுபவர், தாய் வேலைக்குப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர், வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்பவர் ஆகியோரும் இதில் வருவர். கடைசியாகச் சொன்னது எப்போதும் தடையாகிவிடுவதில்லை. மேல்கோட்டையில் 1905இல் பிறந்த பு.தி. நரசிம்மாச்சாரின் தாய்மொழி தமிழ். அவர் கன்னடத்தின் பெருங்கவிஞர்களுள் ஒருவரானார். ஆனால் அவருக்கு வீட்டிலேயே கல்விச் சூழல் இருந்தது. செங்கல் சூளைக்கோ கட்டடப் பணிக்கோ வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது கிடையாது.

மேலும், ஒரு பிள்ளை பள்ளியைவிட்டு ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை வருவதில்லை. பிறகு சந்தை நாளில் வருவதில்லை. திருவிழாவை ஒட்டி ஒரு வாரம் காணாமற்போகிறது. வைரமுடி சேவைக்கு இலட்சக்கணக்கானோர் திரளும் பங்குனியும், பத்தாம் வகுப்பின் இறுதித் தேர்வுப் பருவமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வருகின்றன என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம். பெயர் நீக்கப்படும் நாள் பதிவேட்டில் இருக்கும். அதற்கு முன் நிகழ்ந்த நாற்பது, ஐம்பது நாள் வராமையும் அதே பதிவேட்டில்தான் இருக்கும். அதை உரிய காலத்தில் யார் பார்த்தார், பார்த்தவர் என்ன செய்தார் என்பதே கேள்வி. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்தக் கடமையை ஆசிரியர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஊரும் பள்ளியும் கைகோத்தல் என்று நாம் பேசுவது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

வாரான்னம்

பழைய மைசூர்ச் சீமையில் 'வாரான்னம்' என்றொரு வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் 'வாரச் சாப்பாடு' என்று முதியவர்கள் சொல்வதும் இதையே. பள்ளி இருக்கும் ஊருக்கு வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழைச் சிறுவனுக்குத் தங்குவதற்கு ஒரு திண்ணையோ மண்டபமோ கிடைத்துவிடும். உணவுக்குத்தான் வழி வேண்டும். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொரு வீடு என ஏழு வீட்டார் ஒப்புக்கொள்வர். சிறுவன் அந்தந்த நாளில் அந்தந்த வீட்டில் உண்பான். கர்நாடகத்தில் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களுமாக ஒரு தலைமுறை இப்படிப் படித்து வந்தது. அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகளில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்த ஏற்பாட்டில் இரண்டு செய்திகள் வியப்பளிக்கின்றன. ஒன்று, சுமை பங்கிடப்பட்ட விதம். ஒரு மாணவனின் முழு உணவுச் செலவை ஏற்கும் ஆற்றல் அவ்வூரில் ஒருவருக்கும் இல்லாதிருக்கலாம். ஏழில் ஒரு பங்கை ஏற்கும் ஆற்றல் பலருக்கு உண்டு. மற்றொன்று அதைவிட முக்கியமானது. செவ்வாய்க்கிழமை சிறுவன் வராவிட்டால், செவ்வாய்க்கிழமை வீட்டாருக்கு அது அன்றைக்கே தெரியும். இலை போட்டுக் காத்திருப்பர்; வரவில்லை என்றால் யாரையாவது அனுப்பிப் பார்ப்பர். காய்ச்சலா, ஊருக்குப் போய்விட்டானா, ஆசிரியர் அடித்ததால் ஒளிந்திருக்கிறானா என்பது இரவுக்குள் தெரிந்துவிடும். குழுக் கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை. இந்தப் பிள்ளை, இந்த நாள், இந்த வீடு என்னும் மூன்றும் உறுதியாக இருந்தன.

இவ்வழக்கத்தைப் போற்றி மட்டும் விட்டுவிடுவது முறையன்று. அதன் வாசல் மிகக் குறுகியது. அடுக்களைக்குள் யாரை விடலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலம் அது. பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. உண்ட சிறுவர்களும் பெரியவர்களான பிறகு நன்றியோடு சேர்த்துச் சிறுமையையும் நினைவுகூர்ந்திருக்கின்றனர்: எந்த வீட்டில் எதை மிச்சமாக வைத்தார்கள், எந்த வீட்டில் தண்ணீர் சுமக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் மறப்பதில்லை.

வாசலைப் பற்றிய கேள்வி மேல்கோட்டைக்குப் புதிதன்று. ஒதுக்கப்பட்டிருந்த மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் அவர்கள் கோயிலுக்குள் வர இராமாநுசர் வகைசெய்தார் என்பது அவ்வூரின் பெருமைமிகு மரபுச் செய்தி. பள்ளி வாசல் திறப்பதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. மைசூர் அரசு 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டத்தை இயற்றியது. விசுவேசுவரையா திவானாக இருந்த காலம் அது. 1915இல் பொதுப் பள்ளிகளில் சேர்ப்பதற்குச் சாதி தடையாகாது என்று ஆணையிட்டது. ஆணை வந்தபின் எதிர்ப்பும் வந்தது. பள்ளி திறந்தாலும் வெளியூர்ப் பிள்ளை உண்பதற்கும் உறங்குவதற்கும் இடம் வேண்டும் அல்லவா? அதற்காக அந்தந்தச் சமூகத்தார் விடுதிகள் கட்டினர். துமகூருக்கு அருகிலுள்ள சித்தகங்கா மடமும் மைசூரை அடுத்த சுத்தூர் மடமும் சாதி பாராமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் இலவசமாக அளிக்கும் நிலையங்களாக வளர்ந்தன. 1970களில், மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த முதலமைச்சர் தேவராஜ அர்ஸ் காலத்தில், பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கான அரசு விடுதிகள் பெருகின. ஏழு வீட்டார் செய்ததை அரசு ஏற்றது, வாசலும் அகன்றது.

மேல்கோட்டையிலேயே 1960இல் சுரேந்திர கௌலகி என்னும் சர்வோதயத் தொண்டர் ஜனபத சேவா டிரஸ்டைத் தொடங்கினார். ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் பணியாற்றியவர் அவர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான 'கருணா கிருகம்' என்னும் இல்லம் அந்த அறக்கட்டளையின் தொடக்கப் பணிகளுள் ஒன்று. கதர் நெசவும் இயற்கை வேளாண்மையும் அதன் பிற பணிகள். கற்பதும் உழைப்பதும் ஊரோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்னும் காந்திய எண்ணம் அதன் அடிப்படை. கோயிலுக்குப் போகும் வாசகர்கள் ஒருமுறை அந்தப் பக்கமும் போய்வரலாம்; கைத்தறித் துணி வாங்கும் வழக்கம் உடையோர் கட்டாயம் போகலாம்.

குழு இருக்கிறது, வேலை எது?

இன்றைய ஏற்பாட்டுக்கு வருவோம். கர்நாடகத்தில் 2001 முதல் அரசுப் பள்ளிதோறும் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு உண்டு. எஸ்.டி.எம்.சி. என்னும் சுருக்கப் பெயராலேயே மக்கள் அதை அறிவர். தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழு என்பர். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு நாடு முழுவதும் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளி மாணவரின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினருக்கு அவர்களின் அளவுக்கேற்ற இடம் வேண்டும். வாரான்னத்தின் குறுகிய வாசலோடு ஒப்பிட்டால் இஃது எவ்வளவு அகன்ற வாசல் என்பது விளங்கும்.

ஆனால் வாசல் அகன்றபோது, நாளும் வீடும் காணாமற்போய்விட்டன. குழுவில் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்பது சில ஊர்களில் ஒருவருக்கும் பொறுப்பு இல்லை என்றாகிவிட்டது.

இதைப் பற்றி நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்தது. பிரதம் அமைப்பும் பொருளாதார அறிஞர் சிலரும் சேர்ந்து 280 சிற்றூர்களில் அதை நடத்தினர். அங்கும் கிராமக் கல்விக் குழுக்கள் இருந்தன. பெற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை; உறுப்பினர் பட்டியலில் இருந்தவர்களுள்ளும் சிலர் தாம் உறுப்பினர் என்பதை அறிந்திருக்கவில்லை. ஊர்களை மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் குழுவின் உரிமைகளையும் கடமைகளையும் ஊர்க் கூட்டம் கூட்டி எடுத்துரைத்தனர். இரண்டாம் வகையில் அத்துடன், தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதை ஊராரே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தனர். மூன்றாம் வகையில் இவற்றோடு, ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தனர். முதல் இரண்டு வகைகளிலும் குழுக்களின் செயற்பாட்டில் மாற்றம் ஏற்படவில்லை. மூன்றாம் வகையில் அந்த வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக உயர்ந்தது. தகவலைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டனர். மாலையில் இந்த இடத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடு என்று வேலை கொடுக்கப்பட்டவர்கள் அதைச் செய்தனர். ஊர்ப் பிள்ளைகளில் சிறு பகுதியினரே அவ்வகுப்புகளுக்கு வந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. வராத பிள்ளையைத் தேடிச் செல்லும் ஆள் அந்த ஏற்பாட்டில் இல்லை.

மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் நடத்திய 'பால்சகி' திட்டமும் இவ்வகையினதே. பள்ளிக்கல்வி முடித்த உள்ளூர் இளம்பெண்கள், வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தவர்களே அதில் மிகுதியாகப் பயன்பெற்றனர். இதை ஆராய்ந்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவரும் பின்னர் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் அருகிலுள்ள எடுத்துக்காட்டு, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர்; பெரும்பாலோர் பெண்கள். தத்தம் தெருவிலேயே, ஏறத்தாழ இருபது பிள்ளைகளை மாலையில் அமர்த்திப் பாடம் சொன்னார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கார்த்திக் முரளிதரன் முதலானோர் நடத்திய ஆய்வு கணக்கிட்டது. தெருவில் உள்ள அக்காவுக்கு எந்தப் பிள்ளை வரவில்லை என்பது தெரியும். அதன் வீடும் தெரியும். வாரான்னத்து வீட்டாருக்குத் தெரிந்ததும் இதுதான்.

எல்லாத் தடையும் பாடத்தில் இல்லை. பிகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் அளித்தனர். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. கர்நாடகமும் 2006-07இல் எட்டாம் வகுப்பு மாணவருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2023 ஜூன் முதல் 'சக்தி' திட்டத்தால் மாநிலப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை; பள்ளி மாணவிகளும் இதில் அடங்குவர். மேல்கோட்டையைப் போன்ற குன்றின்மேல் உள்ள ஊருக்கு மிதிவண்டியைவிடப் பேருந்தே ஏற்றது என்பதை ஒருமுறை ஏறிப் பார்த்தவர் ஒப்புக்கொள்வர். ஆனால் கட்டணமில்லாப் பேருந்து மாலை வகுப்பு முடியும்வரை காத்திருப்பதில்லை. கடைசிப் பேருந்தின் நேரத்தை மாற்றித்தரும்படி போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு எழுதி, பதில் வரும்வரை விடாமல் கேட்பது ஊர்ப் பெரியவர் ஒருவர் செய்யக்கூடிய வேலை. பணம் செலவில்லை. பள்ளிக்கு இருநூறு நோட்டுப் புத்தகம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட இது பயனுள்ளது என்பது எங்கள் கருத்து.

நன்கொடை பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர் உதவுவது வேறு, பெற்றோரிடம் வசூலிப்பது வேறு. 2022 அக்டோபரில் கர்நாடகக் கல்வித்துறை, பள்ளிக் குழுக்கள் பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் வரை நன்கொடை பெறலாம் என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு எழவே சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. விருப்பத்தின்பேரில்தான் என்று எழுதியிருந்தாலும், கொடுத்தவர் பெயரும் கொடாதவர் பெயரும் வகுப்பில் தெரிந்துவிடும். எந்தப் பிள்ளை விளிம்பில் நிற்கிறதோ அதற்குத்தான் அந்த நூறு ரூபாய் பளுவாகும். கொடுக்க வல்லவர்கள், முன்னாள் மாணவரோ வெளியூரில் வாழும் ஊராரோ, கொடுக்கட்டும். கொடுக்கும்போது பள்ளிக் குழுவின் பெயரில் கோடிட்ட காசோலையாகவோ நேரடிக் கணக்கு மாற்றமாகவோ கொடுங்கள். தனி ஒருவர் பெயரில் வேண்டா. கர்நாடகத்தில் இக்கணக்கைத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கூட்டாகவே இயக்குகின்றனர். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியேறாது. தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனாலோ புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டாலோ, தீர்மான நகலுடன் வங்கிக்கு வந்து கையெழுத்து மாதிரியை மாற்றியாக வேண்டும். இதைச் செய்யாமையால் பணம் இருந்தும் எடுக்க முடியாத கணக்குகள் உண்டு.

உதவித்தொகையும் சேமிப்புக் கணக்கும்

இனி எங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி. எட்டாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய ஏழை மாணவரை மனத்தில் கொண்டே ஒன்றிய அரசு 2008இல் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. என்.எம்.எம்.எஸ். என்று வழங்குவது இதுவே. எட்டாம் வகுப்பு மாணவர் தேர்வு எழுத வேண்டும். தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஒரு இலட்சம் புதிய இடங்கள் மாநிலவாரியாகப் பங்கிடப்படுகின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவர்க்கு மட்டுமே உரியது. அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளில் படிப்போர்க்குக் கிடையாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேர்வில் இரண்டு தாள்கள்: ஒன்று அறிவுத்திறன், மற்றொன்று பாட அறிவு, ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடம்.

வினாத்தாள் முறை பழகாத பிள்ளைக்கு அறிவுத்திறன் தாள் மிரட்சி தரும். எண் வரிசையும் உருவ ஒப்புமையும் பாடப் புத்தகத்தில் இல்லாதவை. வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒரு கல்லூரி மாணவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ முன்வந்தால், அது மாதம் ஆயிரம் ரூபாய் வருவாயை ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகள் தேடித்தருவதற்கு ஒப்பாகும். வங்கி அலுவலர் தேர்வுக்கு இதே வகை வினாக்களைப் பயின்றவர்கள் எங்களுள் ஏராளம் என்பதால் இதைச் சற்றுத் துணிந்தே சொல்கிறோம்.

தேர்ச்சி பெற்ற பிறகு வரும் தடைகள் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். அவை சிறியவை, ஆனால் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவிடக்கூடியவை.

முதலாவது பெயர். பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே இருக்கும். ஆதாரில் பின்னே இருக்கும். வங்கியில் தந்தையின் முழுப்பெயரும் சேர்ந்திருக்கும். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவரே, கணினிக்கு அல்ல. எட்டாம் வகுப்பு விண்ணப்பத்துக்கு முன்னரே மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்து ஒன்றாக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, ஆதார் இணைப்பு. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்துவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது அடையாளச் சான்று மட்டுமே. அரசுத் தொகை ஆதார் எண் வழியாக வந்துசேர வேண்டுமானால், இந்தக் கணக்கில் பெற்றுக்கொள்கிறேன் என்று தனியே ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஒரே ஆதார் எண்ணுக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் ஒப்புதல் கொடுத்தோமோ அங்கேதான் பணம் போகும். 'வரவில்லை' என்று சொல்லப்படும் உதவித்தொகைகளில் சில, மறந்துபோன வேறொரு கணக்கில் அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, இயங்காக் கணக்கு. இரண்டாண்டு வரவு செலவு இல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கு இயங்காக் கணக்காக வகைப்படும். உதவித்தொகைக்காகவும் நேரடி மானியத்துக்காகவும் தொடங்கிய இருப்பில்லாக் கணக்குகளைத் தனியே பிரித்துவைத்து இவ்விதியிலிருந்து விலக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் ஆணையிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே கணக்கு தொடங்கும்போதே இது மாணவர் உதவித்தொகைக்கானது என்று படிவத்தில் தெளிவாக எழுதச் செய்யுங்கள்.

தந்தை வெளியூரில் இருப்பதால் கணக்கு தொடங்க முடியவில்லை என்று தயங்கும் தாய்மாரைக் காண்கிறோம். தாயைக் காப்பாளராகக் கொண்டே பிள்ளையின் கணக்கைத் தொடங்கலாம். பத்து வயது நிறைந்த பிள்ளை, வங்கி வகுத்துள்ள வரம்புக்குள், தானே கையெழுத்திட்டு இயக்கும் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். எழுத்தறியாத பெற்றோர் உள்ள வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சலான் நிரப்பக் கற்றுக்கொள்வது படிப்பின் பகுதியே என்று கருதுகிறோம்.

மேல்கோட்டைக்கோ வேறு எந்த ஊருக்கோ உங்கள் குடும்பம் வேர்கொண்டிருந்தால், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்பு முடித்தவர்களுள் சென்ற ஜூனில் எட்டாம் வகுப்பில் சேராதவர் எத்தனை பேர்? உதவித்தொகைக்குத் தேர்வாகியும் பணம் பெறாதவர் எத்தனை பேர்? விடை பெரும்பாலும் ஒற்றை இலக்க எண்ணாகவே இருக்கும். மூன்று பேர், ஐந்து பேர் என்றால் அது ஆளுக்கு ஒருவராக ஏற்றுக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. பட்டியலைக் கேட்கும்போது பிள்ளையின் பெயர் ஊர்முழுதும் பரவாதபடி தலைமையாசிரியர் மூலமாகவே வீட்டாரை அணுகுங்கள்.

உதவித்தொகை தொடர்வதற்கும் நிபந்தனைகள் உள்ளன. ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையத்தளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெற்றால்தான் பதினொன்றாம் வகுப்புக்குத் தொடரும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 55 போதும். புதுப்பித்தல் பணியைப் பள்ளியும் கல்வித்துறையும் தனித்தனியே சரிபார்க்கின்றன. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு கல்லூரி மாறும் மாணவர் பழைய பள்ளியிலும் புதிய இடத்திலும் கேட்டுக்கொள்ளாவிட்டால் இடையில் விடுபட்டுப்போகும்.

கடைசியாக ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போது மாணவர் பலருக்கு 18 வயது நிறைந்துவிடுகிறது. அன்றோடு சிறார் கணக்கு அந்த வடிவில் தொடர முடியாது. மாணவரே நேரில் வந்து, தம் கையெழுத்து மாதிரியும் புதிய அடையாளச் சான்றும் கொடுத்துக் கணக்கைத் தம் பெயரில் மாற்றிக்கொள்ளும் வரை பணம் எடுக்க இயலாது. நான்காம் ஆண்டுத் தொகை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வந்துசேரும். பிறந்தநாள் முடிந்த வாரத்திலேயே ஆதார் அட்டை, புகைப்படம், பழைய பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வரச் சொல்லுங்கள். பேருந்தில் தனியே வரத் தயங்கும் பிள்ளையாயின் உடன் ஒருவர் வருவது நல்லது.